உருவம் ஏழு சிரித்ததில்லை

பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கிறவருக்கு வண்டிகளின் அடிவயிறு தெரியும், முகம் தெரியாது. வண்டிக்கு அடியிலிருக்கிற பள்ளத்தில் இறங்கி வேலை பார்ப்பார். முடித்துவிட்டு மேலே ஏறி வருவதற்குள் வண்டி தடத்துக்குக் கிளம்பியிருக்கும். அன்றைக்கு ஓட்டுநர் வரத் தாமதமானதால் வண்டி அங்கேயே நின்றது. ஏறி வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வண்டியின் பக்கவாட்டில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும், அவருடைய மனைவி இருந்தாள்.

அவள் இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் இருந்தது அவள் வேலை பார்த்த அறை. பயணிகள் பேருந்தில் விட்டுவிட்டுப் போகும் குடை, பை, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் சீட்டுக் கட்டி வைத்திருந்து, தேடி வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கிற அறை. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ‘இல்லாமையின் இருப்பு’ என்றும், சின்ன எழுத்தில் ‘நவீன ஒளிப்படக் கலைக்கூடம், இம்மாதம் முழுவதும், திங்கள் விடுமுறை’ என்றும் போட்டிருந்தது.

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் மனதில் முதலில் வந்தது துக்கம் அல்ல. ‘இவளுக்கு என்ன கோபம்’ என்றுதான் தோன்றியது.

வண்டிக்கு வண்ணம் பூசுகிற இளைஞன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணே, இது நம்ம கவுன்ட்டர் அக்கா மாதிரி இருக்கு.”

“மாதிரி என்னடா, அவதான்.”

“அவங்களா? அக்காவை இப்படி உம்முன்னு நான் பார்த்ததே இல்லையே. யாரோ தப்பா வரைஞ்சிருக்காங்க.”

“இது போட்டோடா.”

“அப்ப போட்டோவையே தப்பா எடுத்திருக்காங்க.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கேமராவைக் கண்டால் அவளால் முகத்தை அடக்க முடியாது. பணிமனை அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோது நான்கு தடவை சிரித்துவிட்டாள். ஐந்தாவது தடவை உதட்டை இறுக்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். எடுக்க வந்தவர் களைத்துப்போய் அதையே அட்டையில் ஒட்டிவிட்டார். இப்போது வீட்டில் அவள் படம் என்று இருப்பது அந்த ஒன்றுதான். கல்யாணப் படம் உட்பட மற்றதெல்லாம் இருந்த போன், அவள் கடைசியாகப் படுத்திருந்த வாரத்தில் ஆஸ்பத்திரியில் தொலைந்தது. ஊரார் தொலைத்ததையெல்லாம் எடுத்து வைத்தவள். அந்தப் போனை எடுத்து வைக்க ஆள் இல்லை.

மகளுக்கு அப்போது ஒரு வயது. இப்போது ஆறு. போன மாதம் பள்ளியில் அம்மாவை வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அடையாள அட்டையைப் பார்த்து, உப்பிய கன்னத்தோடு ஒரு பூசணிக்காய் முகம் வரைந்து, வாய்க்கு நேராக ஒரு கோடு போட்டிருந்தாள். அன்று சாயங்காலம் கேட்டாள்.

“அப்பா, அம்மா சிரிச்சா எப்படி இருப்பாங்க?”

அவர் சொல்லிப் பார்த்தார். கண் சின்னதாகிவிடும் என்றார். ஒரு பல் கொஞ்சம் ஏறியிருக்கும் என்றார். தோள் குலுங்கும் என்று தன் தோளைக் குலுக்கிக் காட்டினார். மகள் கவனமாகப் பார்த்துவிட்டு, “அது நீங்க,” என்றாள்.

ஆகவே அந்தப் பேருந்தின் முன் நின்றபோது அவருக்கு இரண்டாவதாகத் தோன்றியது இதுதான்: படம் எடுக்கிறவர் ஒரே ஒரு படமா எடுத்திருப்பார்? நாலைந்தாவது எடுத்திருப்பார். எடுத்திருந்தால் ஒன்றிலாவது அவள் சிரித்திருப்பாள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சிரிப்பைக் கொடுக்க யாருக்கு மனம் வராது?

நல்லவர்களுக்கு உலகத்தில் பாதி வேலை இப்படி நினைத்துத்தான் கூடிப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கலைக்கூடத்துக்குப் போனார். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கலைக்கூடம் முன்பு மாவு ஆலையாக இருந்த கட்டடம். அப்போது தூக்குவாளியோடு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இப்போது நுழைவுச்சீட்டு உண்டு. சுவரெல்லாம் பழைய மாவையே அள்ளிப் பூசியதுபோல வெள்ளை. ஆட்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் மூன்றடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, பெருமூச்சு விட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் போல என்று முதலில் நினைத்தார். அப்புறம்தான், ஆமாம், தன் வீட்டில் இறந்திருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது.

மொத்தம் பன்னிரண்டு படங்கள். எல்லோரும் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். மருந்துக் கடைக்காரர், டிக்கெட் கொடுக்கிறவர், தபால் முத்திரை குத்துகிறவர். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்ததுபோல இருந்தது. ஏழாவது அவள். பக்கத்தில் ஓர் அட்டை:

‘உருவம் 7. பதிப்பு: ஐந்து பிரதிகள் மட்டும். இவ்வுருவம் காத்திருக்கவில்லை, காத்திருப்பே இவ்வுருவமாக அமர்ந்திருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறையும் சிரித்திராத ஒரு முகத்தின் முன்னே பார்வையாளர் தன் இன்மையைச் சந்திக்கிறார்.’

அவர் மூன்று தடவை படித்தார். முதல் இரண்டு தடவை தன் படிப்பு போதவில்லை என்று நினைத்தார். மூன்றாவது தடவை ஒரு வரி புரிந்தது. புரிந்த அந்த ஒரு வரி பொய்யாக இருந்தது.

கழுத்துவரை மூடிய சாம்பல் நிற உடையில் ஓர் அம்மையார் நின்றிருந்தார். கண்காட்சியின் பொறுப்பாளர். க்யூரேட்டர் என்று சொல்ல வேண்டுமாம்.

“வணக்கங்க. இந்த அட்டைல ஒரு சின்னத் தப்பு இருக்கு.”

“கலையில் தப்பு என்று ஒன்று கிடையாது,” என்றார் க்யூரேட்டர்.

“கலையில இல்லைங்க, அட்டைல. இவங்க வாழ்நாள்ல சிரிச்சதே இல்லைன்னு போட்டிருக்கு. இவங்க என் சம்சாரம்.”

க்யூரேட்டர் அவரை முதல்முறையாகப் பார்த்தார். “எங்கள் உருவங்களுக்கு உறவினர் வருவது வழக்கமில்லையே. இப்போது எங்கே இருக்கிறார்?”

“இறந்துட்டாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு.”

க்யூரேட்டர் கண்களை மூடினார். “அற்புதம்,” என்றார். பிறகு கண்ணைத் திறந்து, “அதாவது, வருந்துகிறேன். ஆனால் படைப்பு இப்போதுதான் முழுமை அடைகிறது,” என்று ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்று மதியத்துக்குள் அட்டையில் ‘மறைந்த’ என்ற சொல் சேர்ந்துவிட்டது. ‘சிரித்திராத’ என்ற சொல் அப்படியே இருந்தது.

“அவங்க சிரிப்பாங்கங்க. நிறுத்தவே முடியாது.”

“இருக்கலாம். சிரிப்பு என்பது முகம் தனக்குத் தானே செய்துகொள்ளும் விளம்பரம். கலை விளம்பரத்தை அனுமதிப்பதில்லை.”

“அப்ப பஸ்ல ஒட்டியிருக்கீங்களே, அது?”

“அது பொதுவெளித் தலையீடு.”

தன்னுடைய கோரிக்கையைச் சொன்னார். சிரிக்கிற படம் ஒன்று வேண்டும், சின்னதாக இருந்தால் போதும், மகளுக்காக. க்யூரேட்டர் ஒரு படிவத்தை நீட்டினார். ‘படைப்போடு உங்கள் உறவு’ என்ற இடத்தில் சேகரிப்பாளர், விமர்சகர், ஆய்வு மாணவர், புரவலர், மற்றவை என்று இருந்தது. கணவர் என்று கட்டம் இல்லை. ‘மற்றவை’யில் குறியிட்டார்.

“கலைஞரைப் போய்ப் பாருங்கள். கலைஞர் மனம் வைத்தால் எங்கள் நெறிக்குழு பரிசீலிக்கும்,” என்றார் க்யூரேட்டர். போகும்போது, “படத்துக்கு இவ்வளவு அருகில் நிற்காதீர்கள். நெருக்கம் படைப்பைக் குலைத்துவிடும்,” என்றும் சொன்னார்.

கலைஞரின் கூடம் ஒரு மாடியில் இருந்தது. கலைஞர் தலை முதல் கால் வரை கறுப்பு அணிந்திருந்தார். பிலிமில் மட்டும்தான் எடுப்பாராம். ஆனால் பிலிமைக் கழுவுவது, பிரதி எடுப்பது இதெல்லாம் அவர் செய்வதில்லை. அதற்கு ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூலையில் தொட்டித் தண்ணீரில் இரண்டு கைகளையும் விட்டு ஏதோ படங்களை அலசிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் எல்லாம் மருந்து பட்டுப் பழுப்பேறியிருந்தன. அவரைக் கலைஞர் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

“சிரித்தாரா என்றா கேட்கிறீர்கள்?” என்றார் கலைஞர். “என் கலை வாழ்க்கையிலேயே அவ்வளவு சோதனையை அனுபவித்ததில்லை. ஒரு ரோல் பிலிமில் முப்பத்தாறு படம். முப்பத்தைந்து படத்திலும் சிரித்தார். ‘சிரிக்காதீர்கள் அம்மா’ என்றேன். நான் சொன்ன விதத்தைப் பார்த்து அதற்கும் சிரித்தார். இரண்டு மணி நேரம். இடையில் ஒருவர் தொலைத்த குடையைத் தேடி வந்தார், அவரோடும் சேர்ந்து சிரித்தார்.”

பிரேக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமாங்க. அவதான். அப்படித்தான்.”

“ஒரே ஒரு பிலிம் மிச்சம் இருந்தது. கலைஞன் என்பவன் எடுக்கிறவன் அல்ல, வரவழைக்கிறவன். கேமராவைக் கீழே வைத்தேன். மெதுவாகச் சொன்னேன். ‘அம்மா, உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது என்றீர்கள். அது வளர்வதை நீங்கள் பார்க்கப் போவதில்லை என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றேன்.” கலைஞர் கையை விரித்தார். “மூன்றே நொடி. முகம் காலியாகிவிட்டது. முப்பத்தாறாவது படம். அதுதான் உருவம் ஏழு.”

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பிரேக்காரருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. யாரோ படம் எடுக்க வந்தார்கள் என்று சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கவில்லை. தூங்கிப்போன குழந்தையைத் தொட்டிலில் விடாமல் மடியிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள். ‘இறக்கி விடேன், கை வலிக்கும்’ என்றதற்கு, ‘சும்மாதான்’ என்றாள். வியாதி இருப்பது அப்போது இருவருக்குமே தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கலைஞருக்கு அவர் மௌனம் பாராட்டாகப் பட்டது. “பலர் இப்படித்தான் வாயடைத்துப் போகிறார்கள்,” என்றார்.

இந்த இடத்தில் கோபப்பட ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் பிரேக்காரர் வந்தது மகளுக்காக. கோபத்தை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“அந்த முப்பத்தஞ்சுல ஒண்ணு மட்டும் கொடுங்க சார். உங்களுக்கு அது வேண்டாததுதானே?”

“வேண்டாதது என்பதால்தான் கொடுக்க முடியாது. யோசித்துப் பாருங்கள். உருவம் ஏழு சிரிக்கிற படம் ஒன்று வெளியே உலவினால், சிரிக்காத படத்தின் கதி என்ன? அதன் உண்மை என்னாவது?” கலைஞர் அவரைக் கூர்ந்து பார்த்தார். “வேண்டுமானால் ஒன்று செய்யலாம். உங்கள் மகளைக் கூட்டி வாருங்கள். அம்மாவின் படத்துக்கு எதிரே நிற்க வைத்து எடுக்கிறேன். உருவம் ஏழின் நீட்சி. குழந்தைக்குச் சிரிக்காமல் இருக்க வருமா?”

“வராதுங்க,” என்று எழுந்துவிட்டார்.

படியிறங்கும்போது பின்னாலேயே ஈரக்கையோடு அந்த அம்மா வந்தார்.

“தம்பி, நெறிக்குழுவுக்கு எழுதிக் கொடுத்திடுங்க. எழுத்துல கேட்டா எழுத்துல பதில் சொல்லணும்.”

“கொடுப்பாங்களாக்கா?”

“கொடுக்க மாட்டாங்க. இருந்தாலும் எழுதுங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “அந்த ரோலைக் கழுவினது நான்தான். இருட்டறையில தனியா நின்னுக்கிட்டு நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியல. அந்தப் பொண்ணு மூஞ்சி அப்படி. கடைசிப் படம் வந்ததும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அவர் என்ன சொன்னார்னு இன்னைக்குத்தான் தெரியும்.”

நெறிக்குழு இரண்டு வாரம் கழித்துக் கூடியது. நீளமான மேஜை. ஒரு பக்கம் க்யூரேட்டர், ஒரு விமர்சகர், ஒரு சட்ட ஆலோசகர். எதிர்ப்பக்கம் பிரேக்காரர். அவருக்குப் போட்ட நாற்காலிக்கு முதுகு இல்லை. அது ஒரு வடிவமைப்பாளரின் கைவண்ணம் என்றார்கள். அறையின் ஓரத்தில் மெத்தையோடு ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்காரக் கூடாது, அது காட்சிப்பொருள்.

விமர்சகர் தொடங்கினார். “அடிப்படைக் கேள்வி, மனுதாரரின் மனைவி சிரித்தாரா என்பதல்ல. சிரிப்பு என்று ஒன்று நிகழ்ந்திருந்தாலும் அது படமாகுமா என்பதே. கேமரா எடுத்ததெல்லாம் படம் என்றால், ரயில் நிலையத்தில் எடுப்பதும் படம், கல்யாணத்தில் எடுப்பதும் படம். அப்புறம் நாங்கள் எதற்கு?”

அந்தக் கடைசிக் கேள்வி வாய்தவறி வந்துவிட்டது என்று விமர்சகருக்கே பட்டிருக்க வேண்டும். தண்ணீர் குடித்தார்.

சட்ட ஆலோசகர் பிரேக்காரரைக் கேட்டார். “உங்கள் மனைவி சிரித்தார் என்பதற்கு ஆதாரம் உண்டா?”

“அந்த முப்பத்தஞ்சு படம்தாங்க.”

“அவை இருக்கின்றனவா என்பதே இன்னும் முடிவாகவில்லை. வேறு ஆதாரம்?”

“பணிமனையில யாரை வேணா கேளுங்க.”

“அவர்கள் துறை சாராதவர்கள்.”

பிரதி எடுக்கிற அம்மாவை அழைத்தார்கள். அந்தச் சிரிப்புகளைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். “பார்த்தேன். முப்பத்தஞ்சையும் பார்த்தேன்,” என்றார் அவர். ‘தொழில்நுட்பப் பணியாளர் தமது தனிப்பட்ட கருத்தைத் தெரிவித்தார்’ என்று குறித்துக்கொண்டார்கள்.

மூன்று மணி நேரம் பேசினார்கள். மாலையில் தீர்மானத்தைத் தட்டச்சு செய்து ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். பிரதி எடுக்கிற அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது, நடைமுறைப்படி.

‘ஒன்று: உருவம் 7 என்பது ஒரே ஒரு படம். அதற்கு முன்னோ பின்னோ, அப்பெண் தொடர்பாக, கலைஞரால் வேறு படம் எதுவும் எடுக்கப்படவில்லை எனக் குழு ஒருமனதாகக் கருதுகிறது. இரண்டு: மேற்படி பிலிமின் ஏனைய பகுதிகள் படங்கள் அல்ல, ஒளி பட்ட கழிவு. அவற்றின் மீது கலைஞருக்கோ கலைக்கூடத்துக்கோ எவ்வித உரிமையும் தொடர்பும் இல்லை. மூன்று: இல்லாத படத்துக்குப் பிரதி கேட்க இயலாது என்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. நான்கு: இரக்கத்தின் அடிப்படையில் மனுதாரருக்குக் கண்காட்சி மலர் பத்து சதவீதத் தள்ளுபடியில் வழங்கப்படும்.’

பிரேக்காரர் மலரை வாங்கவில்லை. அதன் அட்டையிலும் அந்த முப்பத்தாறாவது முகம்தான் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் அன்றைக்கும் தூங்கப்போகுமுன் அதே கேள்வியைக் கேட்டாள். “நாளைக்குச் சொல்றேன்மா,” என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. ‘நிறைவு விழா’ என்று போட்டிருந்தது. விஷயம் இதுதான். பதிப்பு ஐந்து என்றால் உலகத்தில் அந்தப் படம் ஐந்து பேரிடம் மட்டும்தான் இருக்கும். படம் தன்னிடம் இருப்பதைக் காட்டிலும் ஆறாவது ஆளிடம் இல்லை என்பதுதான் அந்த ஐந்து பேருக்கும் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கெடாமல் இருக்க, ஐந்தாவது பிரதி விற்றதும், பிரதி எடுக்க மூலமான நெகட்டிவைச் சபை நடுவே வெட்டிப்போடுவார்கள். அதே கட்டடம் மாவு ஆலையாக இருந்த காலத்தில், ஐந்து பேருக்கு அரைத்துக் கொடுத்துவிட்டு யாரும் இயந்திரத்தை உடைத்ததாகத் தெரியவில்லை.

அந்த விழாவோடு முப்பத்தைந்தும் போய்விடும் என்று பிரேக்காரருக்குப் புரிந்தது. ஒரு ரோல் பிலிமை வெட்டினால் எல்லாம்தானே போகும். போகாமல் இருக்கலாமா என்று யோசித்தார். அவள் சிரிப்பு அழிகிற இடத்தில் அவளுக்கென்று ஒருத்தராவது நிற்க வேண்டாமா என்று போனார். மனதுக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனை இருந்தது. என்ன கேட்பது என்று தெரியாததால், ‘நீயே பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இரண்டாவது வரிசையில் அவர் இருக்கையில் ‘உருவம் 7 தரப்பு’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. முதல் வரிசையில் ஐந்தாவது பிரதியை வாங்கியவர் உட்கார்ந்திருந்தார். குளியலறைக்கு ஓடு தயாரிக்கிறவர். திரும்பிப் பார்த்துச் சகஜமாகப் பேசினார்.

“வரவேற்பறையில மாட்டப் போறேன். அந்த மூஞ்சியைப் பார்த்தா வர்றவங்க ரொம்ப நேரம் உட்கார மாட்டாங்க பாருங்க. அதுக்கே கொடுத்த விலை தகும்.”

க்யூரேட்டர் மேடையில் பேசினார். “சிரிப்பவர்கள் உலகில் மலிந்துவிட்டார்கள். ஆகவே சிரிக்காதவர்களை நாங்கள் பாதுகாக்கிறோம். இந்தப் பெண் தன் வாழ்நாளில் எங்களுக்கு ஒரு கணம் கொடுத்தாள். பதிலுக்கு நாங்கள் அவளுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறோம்.” கைதட்டினார்கள். க்யூரேட்டர் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார்.

கலைஞர் வெள்ளைக் கையுறை அணிந்தார். வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் வந்தது. பிரதி எடுக்கிற அம்மா ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கலைஞர் பெட்டியைத் திறந்தார். அவர் எதிர்பார்த்தது ஆறு ஆறு படமாக நறுக்கிய ஆறு பிலிம் துண்டுகளை. உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரே ஒரு துண்டு கிடந்தது.

அவர் குனிந்து மெல்லக் கேட்டார். ஒலிவாங்கி அதைச் சபைக்கே கேட்க வைத்தது.

“மற்றதெல்லாம் எங்கே?”

“மத்ததுன்னு எதுவும் கிடையாதுங்களே சார்,” என்றார் அந்த அம்மா, சாதாரணமாக. “தீர்மானத்துல அப்படித்தான் போட்டிருக்கு. எனக்கும் ஒரு காப்பி கொடுத்தாங்க.”

முதல் வரிசையில் ஓட்டுக்காரர் நிமிர்ந்தார். “மத்தது இருக்கா? இந்தம்மாவுக்கு இது ஒரே ஒரு படம்தான்னு சொல்லித்தானே எனக்கு வித்தீங்க?”

“ஒன்றே ஒன்றுதான்,” என்றார் க்யூரேட்டர் வேகமாக. “படைப்பு ஒன்றே ஒன்று. குழு ஒருமனதாக முடிவு செய்தது.”

“அப்ப கலைஞர் எதைக் கேட்கிறார்?”

கலைஞர் வாயைத் திறந்தார். அவள் முப்பத்தைந்து தடவை சிரித்தாள் என்று சொன்னால் ஓட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால் முப்பத்தைந்தும் வெட்டுப்படாமல் கையைவிட்டுப் போய்விடும். கலைஞருக்கு இரண்டு மனசாட்சி இருந்திருந்தால் திண்டாடியிருப்பார். ஒன்றுமே இல்லாததால் சீக்கிரம் முடிவெடுத்தார்.

“மற்ற கையுறையைக் கேட்டேன்,” என்றார், இரண்டு கையிலும் கையுறையோடு.

ஓட்டுக்காரருக்குச் சந்தேகம் தீரவில்லை. வியாபாரி அல்லவா. நேரே இரண்டாவது வரிசைக்குத் திரும்பினார்.

“நீங்கதானே வீட்டுக்காரர்? நீங்க சொல்லுங்க. இவங்க நெஜமாவே சிரிக்க மாட்டாங்களா?”

சபை முழுவதும் பிரேக்காரரைப் பார்த்தது. க்யூரேட்டர் கண்ணாலேயே கெஞ்சினார். பிரதி எடுக்கிற அம்மாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆமாம், சிரிக்க மாட்டாள்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்ல நாக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிப் பொய் சொன்னால் அவர்கள் வந்து மறுக்கலாம். போனவர்களுக்கு நாம்தான் சாட்சி.

எழுந்து நின்றார்.

“சிரிப்பாங்கங்க. அடக்கவே முடியாது. சாப்பிடும்போது சிரிச்சுப் புரையேறும். ஆஸ்பத்திரியில ஊசி போட வந்த நர்ஸையும் சிரிக்க வெச்சாங்க. இந்தப் படத்துல இருக்கிறது மூணு நொடி. அதுவும் இவர் ஒரு வார்த்தை சொல்லி வரவழைச்சது. மிச்ச நேரமெல்லாம் சிரிச்சாங்க.”

விமர்சகர் மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“கேட்டீர்களா?” என்றார் விமர்சகர் தழுதழுத்து. “இதுதான் இழப்பின் மறுப்பு. சிரிக்காத ஒருத்தியோடு வாழ்ந்த மனிதன், அவள் போன பிறகு அவளுக்கு ஒரு சிரிப்பைக் கற்பனை செய்துகொள்கிறான். உருவம் ஏழின் உண்மையான வெற்றி இது.”

ஓட்டுக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. “அவ்வளவு சோகமா? அப்ப நான் கொடுத்த விலை குறைச்சல்தான்,” என்று உட்கார்ந்தார்.

பொய் சொன்னால்தான் தப்பிக்கலாம் என்று உலகம் சொல்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் உண்மையைச் சொல்லியும் தப்பிக்கலாம். கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

கலைஞர் கத்தரிக்கோலை எடுத்தார். தபால்தலை அளவுத் துண்டு இரண்டாகியது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பிரேக்காரரும் விட்டார். தன் குழந்தை வளர்வதைப் பார்க்கவே முடியாது என்று அவளை நினைக்க வைத்த அந்த மூன்று நொடி, அவர் கண் முன்னால் வெட்டுப்பட்டது. அந்தச் சபையில் அந்த வெட்டுக்காக நிஜமாகச் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார்.

“நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க தம்பி. பகல்லயே வாங்க.”

“அக்கா, உங்க வேலைக்கு ஏதாவது…”

“வேலை போனா வேற வேலை. அதோட, நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையே. கழிவுன்னு எழுதிக் கொடுத்தாங்க, கழிவை அள்ளி எடுத்தேன். யார் வீட்டுக்குக் கொண்டுபோகணும்னு எழுதலை.”

மறுநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். அந்த அம்மாவின் வீட்டில் குளியலறைதான் இருட்டறை. இரவெல்லாம் வேலை செய்திருப்பார் போல, கண் சிவந்திருந்தது. நோட்டுப் புத்தக அளவில் ஒரு தாளை மேஜையில் வைத்தார். ஒரு ரோலில் உள்ள எல்லாப் படங்களையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே தாளில் எடுத்திருந்தார். “எது வேணும்னு சொல்லுங்க, பெரிசாப் போட்டுத் தர்றேன்,” என்றார். பணம் பற்றிப் பேச்செடுத்த பிரேக்காரரிடம், “நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சிருக்கேன், போங்க,” என்றார்.

மகள் நாற்காலியில் முழங்காலிட்டு ஏறி, தாளின் மேல் குனிந்தாள். முதல் கட்டத்தில் அவள் அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அடுத்ததில் கை போய்விட்டது. அதற்கடுத்ததில் தலை பின்னால் சாய்ந்து, ஏறியிருந்த அந்த ஒரு பல் தெரிந்தது. ஒன்றில் யாருடைய குடையையோ விரித்துத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். ஒன்றில் முகமே இல்லை. சிரித்துச் சிரித்து மேஜையில் கவிழ்ந்திருந்தாள், தலைமுடி வகிடு மட்டும் தெரிந்தது.

மகள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே போனாள். பாதி வழியில் அவளுக்கும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. எதற்கென்று அவளுக்கே தெரியாது. பிரேக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் கடைசி வரிசையின் கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. அங்கே எதுவும் இல்லை. ஓரத்தில் ஒழுங்காக நறுக்கிய கோடு மட்டும் இருந்தது.

“இதுல என்ன இருந்துச்சுப்பா?”

அந்த அம்மா அவரைப் பார்த்தார். அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. அது சரியா விழாத படம்.”